போதை மீட்பு மையத்துக்குப் பணியாளர்களைப் பயிற்றுவித்துச் சான்றளிப்பது எப்படி

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பை மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019 பிப்ரவரியில் வெளியிட்டது. 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள் என்றும், மதுவை விட முடியாத நிலைக்குப் போய்விட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றும் அந்த அறிக்கை கூறியது. மீதி 37 பேருக்கும் நாளைக்கே கட்டில் போட இடமும் பணமும் கிடைத்தாலும், கட்டிலில் படுத்திருப்பவரை எப்படிக் கவனிப்பது, அவரிடம் என்ன பேசுவது, எதைப் பேசாமல் இருப்பது என்று அறிந்தவர்கள் போதுமான அளவில் கிடைக்க மாட்டார்கள். இது மையம் நடத்துபவர்கள் எல்லோரும் அன்றாடம் சந்திக்கும் நெருக்கடி.

தமிழ்நாட்டில் போதை மீட்பு மையம் ஒன்றை நடத்தும் அல்லது தொடங்கவிருக்கும் நிர்வாகிகளையும், அங்கே மூத்த ஆலோசகராக இருப்பவர்களையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் வலியுறுத்தப்படுவது ஒன்றுதான். வகுப்பில் உட்கார்ந்ததற்காக எவருக்கும் சான்றிதழ் தரக்கூடாது. ஒருவர் நோயாளியோடு பணியாற்றுவதை மூத்தவர் நேரில் பார்த்து, திருத்தி, திருத்தியது நிலைத்திருக்கிறதா என்று மறுபடியும் பார்த்த பிறகே தர வேண்டும். ஆள் எடுப்பது, பயிற்சி, தேர்வு, சம்பள உயர்வு ஆகிய அனைத்தையும் இந்த அடிப்படையில் அமைத்துக்கொள்ள முடியும்.

சட்டம் யாரை என்னவென்று அழைக்கிறது

பயிற்சித் திட்டம் எழுத உட்காருவதற்கு முன் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட வேண்டும். மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் அந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே அத்தகையவர்களை உள்நோயாளியாகத் தங்கவைத்துச் சிகிச்சையளிக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெறாமல் நடத்துபவருக்கு அபராதம் உண்டு என்பது பலருக்குத் தெரியும். பதிவில்லாத இடம் என்று தெரிந்தே அங்கு மனநல வல்லுநராகப் பணியாற்றுபவருக்கும் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதை வேலைக்குச் சேரும் இளைஞர்களிடம் யாரும் சொல்வதில்லை.

மனநல மருத்துவர், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோரைச் சட்டம் தனித்தனியே வரையறுக்கிறது. மனநலச் சமூகப் பணியாளர் என்ற பெயருக்குச் சமூகப் பணியில் முதுநிலைப் பட்டத்தோடு, மனநலச் சமூகப் பணியில் ஈராண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் தேவை. மருத்துவ உளவியலாளருக்கும் இதேபோன்ற தகுதி வேண்டும். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டிலும் இடம்பெற்றிருப்பார். நம் மையங்களில் ஆலோசகராக இருப்பவர்களில் பெரும்பாலோர் எம்.எஸ்.டபிள்யூ. அல்லது எம்.எஸ்சி. உளவியல் மட்டும் முடித்தவர்கள். அவர்கள் ஆலோசகராகப் பணியாற்றத் தடையில்லை, ஆனால் பெயர்ப்பலகையிலும் நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் ‘மருத்துவ உளவியலாளர்’ என்று அவர்களை எழுதுவது தவறு. இந்தத் தவறு வியப்பூட்டும் அளவுக்குப் பரவலாக இருக்கிறது.

2021இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம், நடத்தைசார் சுகாதார அறிவியல் என்ற பிரிவின் கீழ் ஆலோசகர்களையும் மனநல உதவிப் பணியாளர்களையும் சேர்த்திருக்கிறது. மாநில அளவில் பதிவேடுகள் உருவாகும்போது உங்கள் பணியாளர்கள் அதில் சேரத் தகுதியோடு இருக்க வேண்டுமானால், அவர்களின் பட்டச் சான்றுகள், பயிற்சி நேரங்கள், மேற்பார்வைப் பதிவுகள் ஆகியவற்றை இப்போதிருந்தே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

தகுதியைச் சரிபார்க்கும் வேலையைச் சான்றிதழின் ஒளிநகலோடு முடித்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரின் பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலும், செவிலியரின் எண்ணைத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் கவுன்சிலிலும், உளவியலாளரின் எண்ணை மறுவாழ்வுக் கழகத்தின் மையப் பதிவேட்டிலும் பார்த்து, பார்த்த நாளைக் கோப்பில் குறித்து, குறித்தவர் கையொப்பமிட வேண்டும்.

வேலையை எழுதிய பிறகே ஆளைத் தேடுங்கள்

‘அனுபவமுள்ள கவுன்சலர் தேவை’ என்று விளம்பரம் கொடுப்பது எளிது. ஆனால் அவர் காலை ஒன்பது மணிக்கு வந்தது முதல் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் மையங்கள் குறைவு. அமெரிக்க அரசின் போதை மற்றும் மனநலச் சேவைகளுக்கான சாம்சா அமைப்பு போதை ஆலோசகரின் பணியை எட்டுத் துறைகளாகப் பிரித்திருக்கிறது: மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம், பிற சேவைகளுக்கு அனுப்புதல், சேவைகளை ஒருங்கிணைத்தல், ஆலோசனை, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் கல்வி, ஆவணப்படுத்தல், தொழில்நெறி. தொடக்கப் புள்ளியாக இந்தப் பகுப்பு நன்றாகவே பயன்படுகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு துறையின் கீழும் உங்கள் மையத்தில் ஆலோசகர் உண்மையில் செய்கிற வேலைகளை எழுதுங்கள்.

எழுதும்போது கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய சொற்களையே பயன்படுத்துங்கள். ‘குடும்ப ஆலோசனையில் தேர்ச்சி பெற்றவர்’ என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. ‘நோயாளியின் மனைவியைத் தனியாகச் சந்தித்து, வீட்டில் அடிதடி உண்டா என்று நேரடியாகக் கேட்டு, உண்டென்றால் அவருடைய பாதுகாப்புக்கான ஏற்பாட்டை அன்றைக்கே பேசி முடித்துப் பதிவு செய்வார்’ என்று எழுதினால், நடந்ததா இல்லையா என்று கேஸ் ஷீட்டைத் திறந்தே சொல்லிவிடலாம். ஆலோசகருக்கு மட்டுமல்லாமல் வார்டு உதவியாளர், செவிலியர், வெளிநோயாளித் தொடர்பாளர், மேற்பார்வையாளர் என ஒவ்வொரு பணிக்கும் இத்தகைய பட்டியல் ஒன்று வேண்டும். ஒருவர் செய்யக்கூடாதவையும் அதில் இருக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவது ஆலோசகரின் வேலையன்று. நோயாளிக்குத் தெரியாமல் உணவில் டைசல்ஃபிராம் (மது குடித்தால் உடலைக் கடுமையாக வாட்டும் மருந்து) கலந்து கொடுக்கச் சொல்லிக் குடும்பத்தார் கெஞ்சும்போது மறுப்பது எல்லோருடைய வேலையும் ஆகும்.

நேர்காணலில் கேட்க வேண்டியதும் பார்க்க வேண்டியதும்

கோட்பாட்டுக் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொல்லும் பலர் நோயாளியின் எதிரில் உட்கார்ந்ததும் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். இதை நேர்காணலிலேயே கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. மூத்த ஆலோசகர் ஒருவர் நோயாளியாக நடிக்க, விண்ணப்பதாரர் அவரோடு பத்து நிமிடம் பேசட்டும். நடிப்பவர் இப்படித் தொடங்கலாம்: “வீட்ல சண்டை போட்டாங்க சார், அதுக்காகத்தான் வந்தேன். மத்தபடி எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நெனச்சா நாளைக்கே நிறுத்திடுவேன்.”

‘எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க, கல்லீரல் கெட்டுப்போனா என்ன ஆகும் தெரியுமா?’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். ‘வீட்ல ரொம்ப வற்புறுத்தினதால வந்திருக்கீங்க. நிறுத்தணும்னு நெனச்சா நிறுத்திட முடியும்னும் தோணுது’ என்று சொல்லிவிட்டு இன்னொருவர் அமைதியாகக் காத்திருப்பார். எதிரில் இருப்பவர் சற்று நேரத்தில், ‘போன வருஷம் ரெண்டு மாசம் நிறுத்தினேன் சார்...’ என்று தானாகவே தொடர்வது பெரும்பாலும் இரண்டாமவரிடம்தான். எம்.ஏ. படித்த முதலாமவரைவிட பி.ஏ. படித்த இரண்டாமவரை எடுப்பது மேல் என்பது என் கருத்து. கேட்கும் பழக்கத்தைப் பிறகு கற்பிப்பது மிகக் கடினம், உடலியலையும் மருந்தியலையும் சில வாரங்களில் கற்பித்துவிடலாம்.

குடியை விட்டு மீண்டவர்களைப் பணியில் சேர்ப்பது பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவர்கள் இல்லாத மையத்தில் புதிதாக வந்த நோயாளிக்கு ‘இவரால் முடிந்ததே’ என்று சுட்டிக்காட்ட ஆள் இருக்காது. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் வலிமையும் அதுதான். ஆனால் தான் மீண்ட வழியே எல்லோருக்குமான வழி என்று நம்பும் சக ஆதரவாளர், போதை நாட்டத்தைக் கட்டுப்படுத்தும் நால்ட்ரெக்ஸோன், பியூப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை எடுக்கும் நோயாளியிடம் ‘மாத்திரையில் நிற்பது நிற்பதாகாது’ என்று சொல்லி மருத்துவரின் வேலையைக் கெடுத்துவிட முடியும். ஆகவே அவர்களை எடுக்கும்போது மூன்றை எழுத்தில் வையுங்கள்: சிகிச்சை பெற்ற அதே மையத்தில் சேர்வதற்குக் குறைந்தது எவ்வளவு காலம் குடியின்றி இருக்க வேண்டும் (இரண்டு ஆண்டு என்பது நியாயமான அளவு), மருந்துச் சிகிச்சை பற்றிய கட்டாயப் பயிற்சி, பணியில் இருக்கும்போது மீண்டும் குடித்துவிட்டால் என்ன நடக்கும். மூன்றாவதை வேலைக்குச் சேரும் நாளிலேயே பேசிவிட வேண்டும். உடனடி வேலைநீக்கம் என்று எழுதிவிட்டால் எல்லோரும் மறைப்பார்கள். நோயாளிகளோடான பணியிலிருந்து விலக்கி வைத்து, வேறொரு மையத்தில் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, மீண்டும் சேர்வதற்கான நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லும் கொள்கையே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

முதல் மாதம்: உயிர் காக்கும் பாடங்கள்

பயிற்சியைப் பெரும்பாலான இடங்களில் ஆலோசனைத் திறனோடு தொடங்குகிறார்கள். உயிருக்கு ஆபத்தானவற்றிலிருந்து தொடங்குவதே சரி. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் மனக்குழப்பமும் பிரமைகளும் சேர்ந்த தீவிர நடுக்க நிலை வரலாம். சிகிச்சையின்றி விட்டால் இது உயிரைப் பறிக்கும். இரவில் வார்டில் இருப்பவர் மருத்துவர் அல்லர், பெரும்பாலும் செவிலியரும் அல்லர். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படித்த உதவியாளர்தான்.

மூன்றாம் நாள் இரவு ஒருவர் படுக்கை விரிப்பிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போடுகிறார், ‘எறும்பு, எறும்பு’ என்கிறார், வியர்த்துக் கொட்டுகிறது, திடீரென எழுந்து ‘கடைசி பஸ் போயிடும், விடுங்கய்யா’ என்று கதவை நோக்கி நடக்கிறார். பயிற்சியற்ற உதவியாளருக்கு இது வெளியே போய்க் குடிப்பதற்காகப் போடும் நாடகமாகத் தெரியும். அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். பயிற்சி பெற்றவர் இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று கேட்பார். நாடித்துடிப்பையும் வெப்பநிலையையும் பார்ப்பார். விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்து மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பார். இந்தக் காட்சியை வார்டிலேயே ஒருவர் நடித்துக்காட்ட, ஒவ்வொரு உதவியாளரும் தாம் செய்வதைச் செய்துகாட்ட வேண்டும். இதில் தேறாத எவரையும் இரவுப் பணியில் தனியாக விடக்கூடாது.

செவிலியர்களுக்கு, மதுவை நிறுத்தியதால் வரும் அறிகுறிகளின் கடுமையை அளக்கும் சிவா–ஏஆர் அளவுகோலில் பயிற்சி வேண்டும். குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம் போன்ற பத்து அம்சங்களைப் பார்த்து மொத்தம் 67க்கு மதிப்பெண் இடும் இந்த அளவுகோலை இரு செவிலியர்கள் ஒரே நோயாளியிடம் தனித்தனியே போட்டு, மதிப்பெண்களை ஒப்பிட வேண்டும். அவை கணிசமாக வேறுபட்டால் பயிற்சி முடியவில்லை என்று பொருள். சத்துக்குறைவோடு வரும் குடிநோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும் என்பதையும், கல்லீரல் பாதித்தவருக்கு மருத்துவர் அந்த அறிகுறிகளைத் தணிக்கும் மருந்துகளில் டயசெபாமை விடுத்து லோரசெபாமைத் தேர்ந்தெடுப்பதன் காரணத்தையும் அவர்கள் வாயால் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருளைப் பயன்படுத்தியவர்களைப் பொறுத்தவரை ஆபத்து வீடு திரும்பிய பிறகுதான் அதிகம்: சில வாரங்கள் நிறுத்தியதில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்க, பழைய அளவையே மறுபடியும் எடுப்பவர் மூச்சு நின்று இறந்துபோகலாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் இதை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் யார் சொல்வது என்பதும் பணிப்பட்டியலில் இருக்க வேண்டும்.

உரிமைகள் பற்றிய பாடமும் முதல் மாதத்திலேயே வர வேண்டும். எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதை மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. 97ஆம் பிரிவின்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, பதிவு செய்துவிட்டுத்தான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாக ஒருபோதும் செய்யக்கூடாது. தானாக வந்து சேர்பவருக்கு 86ஆம் பிரிவு. நோயாளியின் சார்பில் செயல்படும் ‘பெயர் குறித்த பிரதிநிதி’யின் விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பதற்கு 89ஆம் பிரிவு. அந்தச் சேர்க்கையை முப்பது நாளுக்கு மேல் அப்படியே நீட்டிக்க முடியாது. குடும்பத்தார் பணம் கட்டிவிட்டார்கள் என்பதற்காக ஒருவரை வண்டியில் தூக்கிப்போட்டு வந்து மாதக்கணக்கில் அடைத்து வைப்பது சிகிச்சையாகாது என்பதை ஓட்டுநர் முதல் சமையலர் வரை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

ஆலோசனைத் திறன்

இதற்கு ஆயத்தப் பாடத்திட்டம் ஒன்று கைவசம் இருக்கிறது. 1951இல் தொடங்கிய கொழும்புத் திட்டம் என்ற பல நாட்டு அமைப்பு, 1973 முதல் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் ஒன்றையும் கொழும்பிலிருந்து நடத்திவருகிறது. அது உருவாக்கிய உலகப் பொதுச் சிகிச்சைப் பாடத்திட்டத்தின் அடிப்படை நிலையில் எட்டுப் பாடநூல்கள் உள்ளன: போதையின் உடலியலும் மருந்தியலும், சிகிச்சையின் தொடர் கட்டங்கள், உடன் காணப்படும் மன மற்றும் உடல் நோய்கள், அடிப்படை ஆலோசனைத் திறன்கள், சேர்க்கை முதல் ஆவணம் வரையான மதிப்பீட்டுப் பணிகள், நோயாளி மேலாண்மை, நெருக்கடித் தலையீடு, தொழில்நெறி. அடிப்படையை முடித்தவர்களுக்கு மேல்நிலைப் பாடங்களும் இருக்கின்றன.

நம் ஊரிலேயே சொல்ல வேண்டுமானால், சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது எல்லோரும் டி.டி.கே. மருத்துவமனை என்று அறிந்த இடம், சிகிச்சையோடு பிற மையங்களின் பணியாளர்களுக்கான பயிற்சியையும் நெடுங்காலமாக நடத்திவந்திருக்கிறது. மத்திய அரசின் வட்டார வள மற்றும் பயிற்சி மையமாகவும் செயல்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் போதை மருத்துவ மையம் இணையவழியில், நோயாளி விவரங்களை முன்வைத்துக் கலந்துரையாடும் பயிற்சியை அளிக்கிறது. காசியாபாத்தில் உள்ள எய்ம்ஸ் மையத்தில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி உண்டு. தில்லியில் உள்ள தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமும் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. ஒரே ஆண்டில் எல்லோரையும் எல்லா இடங்களுக்கும் அனுப்ப முயலாதீர்கள். மருத்துவரும் ஒரு மூத்த ஆலோசகரும் முதலில் போய்வந்து, தாங்கள் கற்றதை மையத்தில் தமிழில் நடத்திக் காட்டுவது சிக்கனமான வழி.

மேற்பார்வையே பயிற்சியின் பெரும்பகுதி

மாற்றத்துக்கான காரணங்களை நோயாளியே பேசும்படி செய்யும் ஊக்கமூட்டும் பேட்டி முறையை உருவாக்கிய வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வை மையம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. 140 பணியாளர்களைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பயிலரங்கு மட்டும் தந்தார்கள். வேறு சில குழுக்களுக்குப் பயிலரங்குக்குப் பிறகு அவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கருத்தோ, தொலைபேசி வழி வழிகாட்டலோ, இரண்டுமோ தந்தார்கள். பயிலரங்கில் பெற்ற திறன், பின்தொடர்தல் கிடைத்தவர்களிடம்தான் நிலைத்து நின்றது. நாம் செலவிடும் பயிற்சிப் பணத்தில் பெரும்பங்கு ஓட்டல் அரங்கத்துக்கும் மதிய உணவுக்கும் போவதை நினைத்தால், இந்த முடிவைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

மேற்பார்வையை இப்படி நடத்தலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், மூடிய அறையில், ஒரு மேற்பார்வையாளருக்கு ஐந்தாறு ஆலோசகர்களுக்கு மேல் இல்லாமல். நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு ஒரு சந்திப்பை ஒலிப்பதிவு செய்து, அதில் இருபது நிமிடத்தை மேற்பார்வையாளர் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கேட்கும்போது ஒரு தாளில் இரு கோடுகள் இழுத்து, ஆலோசகர் கேள்வி கேட்ட ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமும், நோயாளி சொன்னதை உள்வாங்கித் திருப்பிச் சொன்ன ஒவ்வொரு முறையும் மறுபக்கமும் குறியிட வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு திருப்பிச் சொல்லல் என்பது ஏற்கத்தக்கது, இரண்டு என்பது நல்லது. புதியவர்களின் முதல் பதிவில் கேள்விப் பக்கம் நிரம்பியிருக்கும். மறுபக்கம் வெறுமையாக இருக்கும். அந்தத் தாளை அவர் முன் வைத்தால் விளக்கவுரை எதுவும் தேவைப்படாது. ‘இங்கே கேள்விக்குப் பதிலாக என்ன சொல்லியிருக்கலாம்?’ என்று ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடித்துப் பழகுவதே போதும். பதிவு முழுவதையும் ஒரே நாளில் திருத்த முற்படும் மேற்பார்வையாளர் அடுத்த வாரம் பதிவே கொண்டுவராத ஆலோசகரைத்தான் சந்திப்பார்.

கேஸ் ஷீட்டைப் படிப்பதும் மேற்பார்வைதான். ‘நோயாளிக்குக் கவுன்சலிங் கொடுக்கப்பட்டது, ஒத்துழைப்பு நன்று’ என்ற வரி எத்தனையோ கோப்புகளில் நாள்தோறும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது, இரவில் அழைக்கப்படும் மருத்துவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ‘சம்பள நாளன்று கடைப் பக்கம் போகாமல் இருக்க முடியுமா என்ற ஐயம் இருப்பதாகச் சொன்னார், சம்பளம் வாங்க மனைவியோடு செல்வதாக அவரே முடிவெடுத்தார், 7ஆம் தேதி தொலைபேசியில் விசாரிக்க வேண்டும்’ என்று எழுதினால் அடுத்து வரும் எவரும் அதிலிருந்து தொடரலாம்.

ஆலோசகரின் மனச்சுமையையும் இதே மணி நேரத்தில் பேசியாக வேண்டும். குடிகாரத் தந்தையோடு வளர்ந்தவர்கள் இந்தத் துறைக்கு நிறையவே வருகிறார்கள். தந்தையின் வயதிலுள்ள நோயாளி பொய் சொல்லும்போது அவர்களுக்கு வரும் கோபமோ, அவரை எப்படியும் காப்பாற்றிவிட வேண்டும் என்ற தவிப்போ இயல்பானது, ஆனால் மேற்பார்வையில் பேசப்படாவிட்டால் அது நோயாளியின் மீது இறங்கும். சம்பளத்தையும் விடுப்பையும் முடிவு செய்யும் நிர்வாகியே மேற்பார்வையாளராகவும் இருந்தால் இதை யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். உள்ளூரில் வேறு ஆள் இல்லையென்றால் இன்னொரு மையத்தோடு ஒப்பந்தம் செய்து மேற்பார்வையாளர்களைப் பரிமாறிக்கொள்ளலாம்.

உள்சான்று

மையத்துக்குள் இரண்டு நிலைகளில் சான்றளிப்பது போதுமானது. முதல் நிலை, மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றத் தகுதி பெற்றவர்; இரண்டாம் நிலை, தனித்துப் பணியாற்றவும் புதியவர்களுக்குக் கற்பிக்கவும் தகுதி பெற்றவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு தேவை. பயிற்சி நேரங்கள், மேற்பார்வை நேரங்கள், வெவ்வேறு காலத்தில் பதிவான சந்திப்புகளின் மதிப்பீட்டுத் தாள்கள், பெயர் நீக்கிய சில நோயாளிகளின் முழுச் சிகிச்சைச் சுருக்கம், பணிப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பார்த்தவரின் கையொப்பமும் தேதியும் அதில் இருக்க வேண்டும். மருந்தைச் சார்ந்திருக்கும் பெண்கள், பதின்ம வயதினர், மனநோயும் சேர்ந்தவர்கள் என வழக்கமான நடுவயது ஆண் குடிநோயாளியிலிருந்து வேறுபட்ட ஒருவரேனும் அந்தச் சுருக்கங்களில் இடம்பெறட்டும்.

இறுதி மதிப்பீட்டில் வெளியாள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையிலிருந்தோ சமூகப் பணித் துறையிலிருந்தோ ஒருவரை அழைக்கலாம். சொந்த மையத்தின் மூத்தவர்கள் மட்டுமே கையொப்பமிடும் சான்று நாளடைவில் பணி மூப்புக்கான பரிசாகிவிடும். எழுத்துத் தேர்வு வைத்தால் அது சிறியதாக இருக்கட்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி நடித்துக்காட்டும் சந்திப்புக்கும் கோப்புக்கும் போக வேண்டும். சான்றிதழில் ‘போதை ஆலோசகர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்தெந்தப் பணிகளுக்கு, எத்தனை மேற்பார்வை நேரத்துக்குப் பிறகு, எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதுங்கள். இரண்டு ஆண்டில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதற்குப் புதிய ஒலிப்பதிவு ஒன்று கட்டாயம்.

சான்றைத் திரும்பப் பெறும் விதியும் அதே நாளில் எழுதப்பட வேண்டும். நோயாளியிடம் கடன் வாங்குவது, குடும்பத்தாரிடம் தனியாகப் பணம் பெறுவது, பாலியல் நெருக்கம், அடிப்பது, நோயாளியின் படத்தை வாட்ஸ்அப்பில் பகிர்வது ஆகியவை நேரே நிறுத்தி வைப்புக்குரியவை. நோயாளியின் தகவலைக் காப்பது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை. புகார் தர விரும்பும் நோயாளி யாரிடம் தர வேண்டும் என்பது வார்டுச் சுவரில் தமிழில் இருக்க வேண்டும்; பணியாளருக்கும் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும்.

வெளிச்சான்று

உள்சான்றின் மதிப்பு உங்கள் வாசலோடு முடிந்துவிடும். ஆகவே இரண்டாம் நிலை எய்தியவர்களை வெளித் தேர்வுக்கு அனுப்புங்கள். கொழும்புத் திட்டத்தின் உலகச் சான்றளிப்பு மையம், அடிப்படைப் பாடத்திட்டத்தைத் தழுவித் தேர்வு நடத்தி, ஐ.சி.ஏ.பி. என்ற சான்றை மூன்று நிலைகளில் வழங்குகிறது; கல்வித் தகுதி, பணி அனுபவம், பயிற்சி நேரம் ஆகியவற்றுக்கு ஆவணம் கேட்கிறது. மேலே சொன்ன கோப்பை ஒழுங்காகப் பேணியவருக்கு விண்ணப்பத்தை நிரப்புவது அரைநாள் வேலை. இலங்கையில் பணிபுரியும் தமிழ் ஆலோசகர்களுக்கும் இதே சான்று பொருந்தும் என்பதால், இரு கரையிலுமுள்ளவர்கள் சேர்ந்து படிக்கும் குழு அமைத்துக்கொள்ள முடியும். இந்தச் சான்று தொழில் தகுதியைக் காட்டுமே தவிர, இந்தியச் சட்டத்தின் கீழ் ஒருவரை மனநல வல்லுநராக்காது. விண்ணப்பிக்கும் முன்பே பணியாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஒரு வார இணைய வகுப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு ‘டிப்ளமா’ தரும் இடங்கள் பெருகியிருக்கின்றன. மேற்பார்வை நேரம் கேட்காத எந்தச் சான்றுக்கும் மையத்தின் பணத்தைச் செலவிடாதீர்கள். எம்.ஃபில். படிக்க விரும்பும் ஆலோசகர் ஈராண்டு முழுநேரமாக விலகிப் போவார் என்பதால் பல நிர்வாகிகள் தயங்குவார்கள். திரும்பி வருபவருக்கு இடம் வைத்திருப்பதாக எழுத்தில் தருவதுதான் அவரைத் திரும்ப வரவைக்கும் ஒரே வழி.

சான்றும் சம்பளமும்

சான்று கிடைத்தும் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் கோப்பைத் திறக்க மாட்டார்கள். அரசு மானியத்தில் நடக்கும் மையங்களில் ஊதிய விகிதம் மேலிருந்து வருவதாலும், தவணை தாமதமாவதாலும் நிர்வாகிகளின் கை கட்டப்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். அங்கும் செய்யக்கூடியவை உண்டு: இரண்டாம் நிலையினருக்கு இரவுப் பணியிலிருந்து விலக்கு, புதியவர்களைப் பயிற்றுவிக்கும் மணி நேரத்துக்குத் தனித் தொகை, தேர்வுக் கட்டணத்தை மையமே ஏற்றல்.

எவ்வளவு செய்தாலும் சிலர் விலகிப் போவார்கள். அப்போது ‘இவர் இங்கு பணியாற்றினார், நடத்தை நன்று’ என்ற இரண்டு வரிக் கடிதத்தைத் தராமல், வகித்த பணி, சான்று நிலை, மேற்பார்வை பெற்ற மொத்த நேரம், நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்ட பணிகளின் பட்டியல் ஆகியவற்றோடு கூடிய கடிதத்தையும், நோயாளி விவரங்கள் நீக்கப்பட்ட அவருடைய கோப்பின் நகலையும் கடைசி நாளன்றே கையில் கொடுத்துவிடுங்கள். மூல ஒலிப்பதிவுகள் மட்டும் மையத்தை விட்டு வெளியே போகக்கூடாது. நோயாளியின் ஒப்புதலில் குறித்த காலம் முடிந்ததும் அவற்றை அழித்து, அழித்த தேதியைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.